யானைப்பாறை குட்டையான கதை

மலை ஆற்றங்கரையில் மாசாணம் என்று ஒரு நீர்நாய் இருந்தான். அவன் பெண்டாட்டி பேர் ஆவடை. மீன் பிடிப்பதில் அவன் கெட்டிக்காரன். பிடித்த மீனில் நடுத்துண்டைப் புருஷன் பக்கம் தள்ளிவிட்டுத் தலையைத் தான் தின்பதில் அவள் கெட்டிக்காரி. தலையில்தான் ருசி என்பது அவனுக்குத் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருந்த இடத்துக்குப் பசுந்திட்டு என்று பேர். மேலே மலையிடுக்கிலிருந்து ஒரு ஓடை தலைதெறிக்க ஓடிவரும். ஓடிவந்து, சரிவு தீர்ந்து தரை தட்டையாகிற இடத்தில் ஆற்றோடு சேரும். சேருகிற மூலையில் விசிறியை விரித்துப் போட்ட மாதிரி ஒரு சமதரை. அதுதான் பசுந்திட்டு. நாணலும் கோரையும் செழித்துக் கிடக்கும். நகத்தை வைத்தாலே மண் பொலபொலவென்று விழும். பன்றிக்குக் கிழங்கு, முயலுக்குப் புல், நீர்நாய்க்கு வளை. காட்டில் பாதிப் பேருக்கு அங்கேதான் குடியிருப்பு.

திட்டின் நடுவில் ஒரு பாறை உண்டு. யானைப்பாறை என்பார்கள். பேர்தான் யானை. உயரம் என்னவோ நிற்கிற கன்றுக்குட்டி அளவுதான்.

"பேரு வெச்ச பெரியாளுக யானையப் பாத்திருக்கவே மாட்டாவ" என்று கொம்பையா என்கிற காட்டுப்பன்றி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கேட்டவர்களும் சிரிப்பார்கள்.

அந்தப் பாறையில் உச்சியிலிருந்து நேர்கீழாக ஒரு விரிசல் ஓடும். மழைக்காலம் முடிந்து ஆறு தெளிந்ததும் மாசாணம் ஆற்றுச் சிப்பியான மட்டியின் ஓடு ஒன்றைக் கவ்விக்கொண்டு வருவான். வெள்ளம் எதுவரை வந்ததோ, பாறையில் அந்த ஈரத்தடம் பார்த்து, விரிசலில் ஓட்டைச் செருகுவான். அவன் அப்பா செய்தது, அவர் அப்பா செய்தது. திட்டில் இருக்கிற எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். மாசாணம் பாறையில் முதுகைச் சாய்த்துப் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்பான். ஓடு அவன் நெஞ்சுக்கு நேராக இருக்கும்.

"நெஞ்சளவு" என்பான். "போன வருசமும் நெஞ்சளவு. எங்கய்யா காலத்துலயும் நெஞ்சளவு. ஆறு சொன்ன சொல்லு தவறாது. தைரியமா இருங்க."

வெள்ளத்துக்கு ஒதுங்கியிருந்த எல்லோரும் தைரியமாக வீட்டுக்குத் திரும்புவார்கள்.

போன வருசத்து ஓடு இந்த வருசம் வயிற்றுக்கு நேராக நிற்கும். அதற்கு முந்தினது முட்டிக்கு நேராக. ஒரு தடவை ஒரு முயல் கேட்டது: "அண்ணே, நெஞ்சளவுல வெச்ச ஓடு எப்படி வயித்தளவுக்கு வந்துச்சு?"

"ஓடு வழுக்கும்பா. மழை, பனி எல்லாம் பட்டு விரிசல்ல மெல்ல எறங்கும். பழசு பூராம் வழுக்கி விழுந்து ஆத்தோட போயிரும்."

முயல் தலையை ஆட்டிக்கொண்டது. பெரிய இடத்தில் மறுகேள்வி கேட்கிற பழக்கம் அதற்கில்லை.

அந்த வருசம் ஆவடைக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. பாறை ஓரத்து வளையில்தான் பிரசவம். நீர்நாய்க் குட்டி பிறந்ததுமே நீந்தாது. அம்மாக்காரி கழுத்தைக் கவ்வி இழுத்துப்போய்ப் பழக்கினால்தான் நீச்சல். இந்த மூன்றுக்கும் கண்ணே இப்போதுதான் திறந்திருந்தது.

முதல் சாரல் விழுந்தது. கடைக்குட்டி தும்மியது. வளையில் ஈரம் ஏறுகிறது என்று ஆவடைக்குத் தோன்றியது. பாறையை ஒட்டியே இன்னும் கொஞ்சம் ஆழத் தோண்டி, காய்ந்த நாணலைப் பரப்பி, பிள்ளைகளைக் கதகதப்பாக வைக்கலாம் என்று நினைத்தாள். தோண்டினாள்.

நகத்தில் என்னவோ தட்டியது. மட்டி ஓடு. விரிசலில் செருகின பழைய ஓடு. சரி, வழுக்கி வந்ததுபோல என்று பல்லால் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். பல் வலித்ததே தவிர, ஓடு ஆணி அடித்த மாதிரி நின்றது.

'வழுக்குற ஓடா இது?'

இன்னும் தோண்டினாள். அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. எல்லாம் இறுகச் செருகியது செருகியபடி வரிசையாக நின்றன. பாறையும் முடிகிற வழியாக இல்லை. கீழே போகப் போக அது அகலமாகிக்கொண்டே போனது. பக்கவாட்டில் புடைத்து, வயிறு மாதிரி வளைந்து இறங்கியது. ஆவடை இருட்டில் பாறையைத் தடவிக்கொண்டே நின்றாள். இது கன்றுக்குட்டி இல்லை. பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். முதுகு மட்டும் வெளியே தெரிய, ஒரு யானை மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தது.

மாசாணம் வாயில் மீனோடு வந்து சேர்ந்தான்.

"இங்க வாங்க. ஒண்ணு காட்டணும்" என்றாள் ஆவடை.

"மீன் துள்ளுது ஆவடை. சூட்டோட சூடாத் தின்னுட்டு..."

"மீனு எங்கயும் போயிராது. குழிக்குள்ள எறங்குங்க."

இறங்கினான். உள்ளே மண் சரிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது மீசையெல்லாம் மண். வந்து பாறை ஓரமாக உட்கார்ந்தான்.

"அடியில ஒரு ஓடு இருக்கு. ஓரத்துல பல்லு ஒடிஞ்ச தடம்" என்றான்.

"பாத்தேன்."

"எங்கய்யாவுக்கு முன்பல்லு ஒண்ணு ஒடிஞ்சிருக்கும். அவுக கவ்வின ஓட்டுல எல்லாம் அந்தத் தடம் விழும்." மண் படிந்த மீசையைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு எட்டாதுன்னு என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக் காட்டுவாவ ஆவடை. அண்ணாந்து பாத்த ஓடு அது."

"இப்ப நம்ம காலுக்குக் கீழ இருக்கு."

"வெள்ளம் ஏறவே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே."

"நீங்க பொய்யா சொன்னிய? தண்ணி நம்ம நெஞ்சளவுக்குத்தான் வந்துச்சு. ஆனா நாம நிக்கிற தரையும்லா வருசாவருசம் ஏறியிருக்கு. ஏறின தரையில நின்னு அளந்தா என்னைக்கும் நெஞ்சளவுதான் வரும்."

"தரை எப்படி ஏறும்?"

"ஓடை சும்மாவா வருது? மலைய அரிச்சு மண்ணும் கல்லும் சுமந்துட்டு வருது. சரிவுல ஓடிவாரவன் தலைச்சுமைய எங்க எறக்குவான்? சமதரை வந்ததும் எறக்குவான். இதுதான் அவன் சுமை எறக்குற இடம். நாம அதுல வீட்டக் கட்டிக்கிட்டு, மண்ணு பஞ்சு மாதிரி இருக்குன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கோம்."

மாசாணம் பிள்ளைகளைப் பார்த்தான். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"என்னைக்காவது பெருஞ்சுமையா வந்து எறக்கிட்டான்னா?" என்றாள் ஆவடை. "தண்ணின்னா நாம நீந்திருவோம். மண்ணுல எவன் நீந்துவான்?"

மறுநாள் விடிந்ததும் ஆவடை வேறு இடம் தேடிப் போனாள்.

கொஞ்சம் மேலே நாவல்தோப்பு. நல்ல நிழல், தட்டையான தரை. முன்பெல்லாம் அவளுக்கு ஆசையான இடம். இன்றைக்கு நின்று நிதானமாகப் பார்த்தாள். மரம் என்றால் அடியில் வேர் விரிந்து, பாதம் பதித்த மாதிரி நிற்க வேண்டும். இங்கே ஒரு மரத்துக்கும் பாதம் தெரியவில்லை. கம்பு நட்ட மாதிரி எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. சுற்றி வந்து பார்த்தால், ஓடை வருகிற பக்கம் மட்டும் பட்டை உரிந்து பழைய காயம் இருந்தது. கல் வந்து மோதின காயம்.

'உங்க காலையும் மூடிட்டானா' என்று மரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தாள்.

ஆற்று வளைவில் ஒரு குகை இருந்தது. உள்ளே போய்க் கூரையைப் பார்த்தாள். கூரை இடுக்கில் காய்ந்த சேறு, அதில் சுள்ளி செருகியிருந்தது. வாசலில் குண்டுக்கல்லும் கூழாங்கல்லும் மணலும் ஒரே கூடையிலிருந்து கவிழ்த்த மாதிரி கலந்து கிடந்தன. நிதானமாக வருகிற தண்ணீர் என்றால் பெரிய கல்லை ஓரிடத்திலும் சிறியதை ஓரிடத்திலும் பிரித்துப் போடும். இப்படிக் கலந்துகட்டிக் கொட்டியது நிதானமாக வந்ததில்லை. அங்கேயும் வேண்டாம் என்று திரும்பினாள்.

கடைசியில், ஓடைக்கும் ஆற்றுக்கும் நடுவே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த மேட்டில் ஏறினாள். அங்கே மரங்களுக்கெல்லாம் வேர் தெரிந்தது. கல்லில் பாசி கலையாமல் படர்ந்திருந்தது. மண்ணைக் கீறினால் கறுப்பாக, மக்கின இலை வாசத்தோடு இருந்தது. ஆற்றுமணல் ஒரு பொட்டு இல்லை.

எல்லாம் சரி. ஆனால் அந்த மேடு முள்ளாண்டியுடையது. முள்ளாண்டி கிழட்டு முள்ளம்பன்றி. தனிக்கட்டை.

"எவ அது?" என்று வளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாந்தான் அண்ணாச்சி, ஆவடை."

"ஆத்துக்காரிக்கு மேட்டுல என்ன சோலி?"

"குடியிருக்க எடம் கேட்டு வந்தேன்."

"எனக்கு ஆளு ஆகாது. பேச்சுச் சத்தம் ஆகாது. மீன் நாத்தம் அறவே ஆகாது."

"மூணு பிள்ளைய இருக்கு அண்ணாச்சி."

"அப்ப சுத்தமா ஆகாது. போயிட்டு வா."

ஆவடை போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, யானைப்பாறை சங்கதியைச் சொன்னாள். உள்ளே முள் உரசுகிற சத்தம் நின்றது. கேட்கிறார் என்று தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. இந்த வளை எந்தக் காலத்து வளை?"

"எங்க பூட்டன் தோண்டினது. நீ உக்காந்திருக்கியே, அந்த வாசக்கல்லு, அது அவர் போட்டது. அன்னைக்கு எந்த உசரமோ இன்னைக்கும் அதே உசரம். எனக்குத்தான் முட்டி வலிக்குது, கல்லு அப்படியேதான் இருக்கு."

"எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி" என்று சொன்னாள் ஆவடை. சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முள்ளாண்டி மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தார். மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பின்னால ஒரு அறை தூர்ந்து கெடக்கு. வேணும்னா தோண்டி எடுத்துக்க. பிள்ளைய என் முள்ளைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. மீனை வெளிய வெச்சுத்தான் தின்னணும்."

"சரி அண்ணாச்சி."

"முள்ளு எலும்பு மிஞ்சினா எறிஞ்சிராத. எனக்குக் கொறிக்க ஆகும்."

அறையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது மாசாணம் முகம் கொடுக்காமலே இருந்தான். ஆவடைக்குக் காரணம் தெரியும். அவன் வாய்ச்சொல்லை நம்பித்தான் எல்லோரும் அங்கே குடியிருந்தார்கள்.

"நாம மட்டும் சத்தமில்லாம ஏறிட்டா, நீங்க பாறைப் பக்கம் இனி எந்த மொகத்தோட போவிய?" என்றாள்.

"சொல்லத்தான் போறேன். எப்படிச் சொல்லன்னு யோசிக்குதேன்."

"உள்ளதச் சொல்லுங்க. அதுக்கு என்ன யோசனை?"

அன்று சாயங்காலம் மாசாணம் எல்லோரையும் பாறைக்குக் கூப்பிட்டான். மழைக்காலம் முடியுமுன்னே கூப்பிடுகிறானே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அவன் பாறையில் சாய்ந்து நிற்கவில்லை. குழியின் ஓரத்தில் நின்றான்.

"ஓடு வழுக்குதுன்னு சொன்னேன். வழுக்கலை. நாந்தான் தப்பா பாத்துட்டேன். வெள்ளத்தை அளந்தேன், தரைய அளக்கலை. என் பேச்சை நம்பி இங்க இருக்கிறவுக எல்லாம் மேட்டுக்குப் போயிருங்க."

அப்புறம் கொம்பையா கனைத்தான்.

"பெண்டாட்டி பேச்சக் கேட்டு மேட்டுல குடியேறுற நீர்நாயை இப்பத்தாம்லே பாக்கேன். அடுத்தாப்புல மரத்துல ஏறி மீன் பிடிப்பியோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"குழியில எறங்கிப் பாரு கொம்பையா."

"மண்ணைப் பத்தி எனக்கே சொல்லுதியா? தோண்டுறது என் பரம்பரைத் தொழில்."

"நீ கிழங்கு வரைக்கும் தோண்டுவ. கிழங்கு கெடச்சதும் நிறுத்திருவ. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு என்னைக்குப் பாத்த? நானும் பாக்கலை."

கொம்பையா குழியைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் பெண்டாட்டி சொக்கி, குட்டிகளை ஒதுக்கிவிட்டுக் குழிக்குள் மூக்கை விட்டு நெடுநேரம் மோந்தாள். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனாள். முயல்கள் அன்றைக்கே மேடேறின. மற்றவர்கள் மழை வலுக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

மேட்டில் அறை தயாரான அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, அடைமழை. ஆவடை மூத்ததைக் கவ்விக்கொண்டு ஏறினாள். விட்டுவிட்டு வந்து நடுவுள்ளதைக் கவ்விக்கொண்டு ஏறினாள். கடைக்குட்டிக்குக் காவலாக மாசாணம் திட்டிலேயே இருந்தான். வழுக்குகிற பாதையில் வாயில் பிள்ளையோடு ஏறுவது லேசு இல்லை. அவள் இரண்டாம் தடவை மேட்டை எட்டும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. மழை குறையவில்லை. ஆனால் ஓடையின் இரைச்சல் குறைந்தது. குறைந்து குறைந்து நின்றே போனது. ஓடையில் தண்ணீர் சுருங்கி ஒரு கோடாக ஆகிவிட்டது. சேறு தெரிந்தது. சேற்றில் மீன்கள் துடித்தன. கெண்டையும் ஆராலுமாகக் கண்ட இடமெல்லாம் வெள்ளி மாதிரி துள்ளின.

"பாத்தியாலே மாசாணம்!" என்று கொம்பையா கத்தினான். "மேட்டுக்குப் போனவளைக் கூப்பிடு! வெள்ளம் வருதுன்னு பயந்து போனாளே, இங்க விருந்தும்லா வந்திருக்கு!"

திட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடைக்குள் இறங்கினார்கள். மாசாணத்துக்கும் கால் நிற்கவில்லை. நீர்நாயாகப் பிறந்தவன், துள்ளுகிற மீனைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பான்? வளை வாசலிலிருந்து ஒரே பாய்ச்சல். தன் கை நீளத்துக்கு ஒரு கெண்டையைக் கவ்வினான். ஆவடைக்கு இதன் தலையே போதும், இரண்டு நாள் தின்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

மேட்டில் முள்ளாண்டி முள்ளெல்லாம் சிலிர்க்க நின்றுகொண்டிருந்தார்.

"ஆவடை, மேல மலையில ஒரு சத்தம் கேட்டுச்சு. இடுக்குக்கு மேல பாதி மலை சரிஞ்சு கெடக்கு. எனக்கு இங்கருந்தே தெரியுது. ஓடை வத்தலை தாயி. அதுக்கு வாய் அடைச்சிருக்கு."

ஆவடை மேட்டின் விளிம்புக்கு ஓடிவந்தாள். கீழே புருஷன் வாயில் மீனோடு நிற்பது தெரிந்தது.

"என்னங்க!" என்று கத்தினாள். "மழை நிக்கலை! தண்ணி மட்டும் ஏன் நின்னுச்சு?"

மாசாணம் அண்ணாந்து பார்த்தான். முதுகில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காலடியில் ஓடை வாய் திறக்கவில்லை. சுமைக்காரன் வழியில் நின்றிருக்கிறான். நின்று, இன்னும் இன்னும் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

வளைக்குள் கடைக்குட்டி தும்மியது.

நீர்நாய்க்கு வாய் ஒன்றுதான். மீனை வைத்திருந்தால் பிள்ளையைத் தூக்க முடியாது. மாசாணம் மீனைக் கீழே போட்டான். வளைக்குள் பாய்ந்து பிள்ளையைக் கவ்வினான். வெளியே வந்தான்.

ஓடைக்குள் எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாயில் பிள்ளை. வாயைத் திறந்தால் பிள்ளை விழுந்துவிடும். மேட்டுப்பாதை நேராகத்தான் போகிறது. ஆனால் மாசாணம் நேராகப் போகவில்லை. சுற்றுவழியாக, ஓடைக்குள் இறங்கி, தின்றுகொண்டிருந்தவர்கள் நடுவிலேயே ஓடினான். காலில் கெண்டை மிதிபட்டது. ஆரால் வாலில் சுற்றிக்கொண்டது. ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொக்கி தலையைத் தூக்கினாள். இத்தனை மீனை மிதித்துக்கொண்டு ஒரு நீர்நாய் ஓடுகிறதை அவள் பிறந்து பார்த்ததில்லை. குழிக்குள் மோந்த மண்வாசம் அவள் மூக்குக்கு ஞாபகம் வந்தது. அதே வாசம் இப்போது காற்றில், மேலிருந்து, பச்சையாக வந்துகொண்டிருந்தது.

"ஏ பிள்ளைகளா, என் பின்னாலயே வாங்க" என்றாள். புருஷனைக் கேட்கவில்லை. குட்டிகளை மூக்கால் முட்டி முட்டி மேட்டில் ஏற்றினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஏறினார்கள்.

கொம்பையா மட்டும், "ஏ, இந்த ஒரு மீனைத் தின்னுட்டு..." என்றான்.

முதலில் தரை நடுங்கியது. அப்புறம் கல்லோடு கல் முட்டுகிற சத்தம். மலையிடுக்கிலிருந்து வந்தது தண்ணீரைப் போலவே இல்லை. கரைத்த மாவு மாதிரி கெட்டியாக, பழுப்பாக, நெற்றியில் மரங்களையும் வீட்டுப் பருமனில் கல்லையும் வைத்துக்கொண்டு, ஒரு சுவர் நடந்து வந்தது. கொம்பையா அப்போதுதான் ஓடினான். வயிறு வரைக்கும் சேறு எட்டிப் பிடித்தது. உதறிக்கொண்டு மேடேறி, கண்மண் தெரியாமல் பாய்ந்ததில் நேராக முள்ளாண்டியின் முதுகில் போய் மோதினான்.

"ஐயய்யோ!"

"எனக்கு ஆளு ஆகாதுன்னு நான் முன்னாலயே சொல்லலையா?" என்றார் முள்ளாண்டி.

மாசாணம் பிள்ளையை ஆவடை காலடியில் வைத்தான். அவள் அதை நக்கிக் கொடுத்தாள். அப்புறம் அவன் மூக்கையும் ஒரு தடவை நக்கினாள்.

"பெரிய கெண்டை ஆவடை" என்றான் அவன் மூச்சு வாங்கிக்கொண்டே. "தலை இம்புட்டுப் பெருசு."

தலையில்தான் ருசி என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மழை ஓய்ந்து ஆறு தெளிய வெகுநாளாயிற்று. எல்லோரும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். பசுந்திட்டில் பச்சை இல்லை. கல்லும் மண்ணும் மரமும் கலந்துகட்டிக் கிடந்தன. நாவல்தோப்பு மரங்கள் இடுப்பளவு மண்ணில் நின்றன. யானைப்பாறையில் ஆமை முதுகு அளவு மட்டும் வெளியே தெரிந்தது. போன வருசத்து நெஞ்சளவு எங்கேயோ அடியில் போய்விட்டது.

"போன மாசம் வரைக்கும் இதுக்குள்ள படுத்துத் தூங்கினோம்" என்றாள் சொக்கி.

ஆவடைக்கு வேறொரு கவலை. "மழை பெஞ்சா மறுபடி புல்லு முளைக்கும். நல்ல எடம்னு புதுசா யாராவது வந்து இருப்பாவ. அவுகளுக்கு எப்படித் தெரியும்?"

மாசாணம் மட்டி ஓட்டை வாயில் வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தபடி நின்றான். செருகுவதா, வேண்டாமா என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே புது ஓடு வைக்குமுன்ன பழைய ஓட்டைத் தோண்டிப் பாக்கணும். அதுக்கும் இதுக்கும் நடுவுல எம்புட்டு மண்ணுன்னு எல்லாருக்கும் காட்டணும். அப்புறந்தான் புதுசு" என்றான்.

"இம்புட்டு மண்ணை எவன் தோண்டுவான்?" என்று ஒரு முயல் கேட்டது.

எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். அவன் தோளில் முள்ளாண்டியின் முள் ஒன்று இன்னும் இருந்தது.

"என்னை எதுக்குப் பாக்குதிய?" என்றான். அப்புறம் பாறை ஓரமாகப் போய் மூக்கை மண்ணில் வைத்தான். "கிழங்கோட நிறுத்த மாட்டேன், போதுமா?"

போன வருசத்து ஓடு தெரிகிறவரைக்கும் நிறுத்தாமல் தோண்டினான். மாசாணம் கடைக்குட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஏற்றிக்கொண்டு மேலே காட்டவில்லை. குழிக்குள் இறங்கிக் கீழே காட்டினான்.

"இது உங்கய்யா, நான் வெச்சது. இதுக்கும் கீழ தாத்தா வெச்சது இருக்கு. ஓரத்துல பல்லுத் தடம் இருக்கும்."

கடைக்குட்டி ஓட்டை மோந்து பார்த்துத் தும்மியது.

அடுத்த வருசம் ஆவடை சொன்ன மாதிரியே திட்டில் புல் முளைத்தது. எங்கிருந்தோ ஒரு மான் குடும்பம் வந்தது. இடம் அழகாக இருக்கிறதே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் குட்டிப் பாறைக்குப் பேரு உண்டா?" என்று தாய்மான் கேட்டது.

"யானைப்பாறை" என்றான் கொம்பையா.

அவன் சிரிக்கவில்லை. "புல்லு மேஞ்சுக்க தாயி. குடியிருப்பு மட்டும் மேட்டுல வெச்சுக்க. ஏன்னு கேட்டா, இப்படி வா, குழிய எட்டிப் பாரு" என்று கூட்டிக்கொண்டு போனான்.

வெள்ளம் எதுவரை ஏறியது என்று பார்ப்பது பாதி அறிவு. நாம் நிற்கிற தரை எதனால் ஆனது, எப்போது வந்தது என்று தோண்டிப் பார்ப்பதே முழு அறிவு.